தேய்ப்பதற்கு உரிமை உண்டோ?



ஒரு பொருள் நம்முடையது என்றால், அதை நம் இஷ்டம்போல் தேய்த்துத் தீர்க்கவும் நமக்கு உரிமை உண்டோ? "என் பொருள், யார் கேட்பது?" என்று சட்டெனப் பதில் சொல்லிவிடலாம். மடக்குச் சவரக் கத்தி ஒன்றைப் பற்றிச் சற்று யோசித்தபின் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்த பழைய கத்திகளில் பல, நூறு வயது கடந்தும் இன்னும் சவரம் செய்கின்றன. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கும், அவனிடமிருந்து பேரனுக்கும் போன பொருள்கள் அவை. எஃகின் தரம் இதற்கு ஒரு காரணம். வைத்திருந்தவர்கள் அதைக் கொஞ்சமாகவே தேய்த்தார்கள் என்பது மற்றொன்று. சவரத்துக்கு முன் தோல்வாரில் சில இழுப்பு, எப்போதாவது மெல்லிய கல்லில் சில இழுப்பு, அவ்வளவே.

இப்போது வைரச் சாணை வந்திருக்கிறது. நகைக்கடை வைரமல்ல, பயப்படவேண்டாம்! 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் என்பவர் செயற்கை வைரம் செய்துகாட்டினார். பின்னர் வைரத்தூள் தொழிற்சாலைச் சரக்காயிற்று. அத்தூளை உலோகத் தகட்டின்மேல் நிக்கல் பூச்சால் பிடிக்கவைத்ததே இந்தச் சாணை. கல்லைப்போல் இதில் குழி விழாது. கல்லில் நெடுநேரம் பிடிக்கும் வேலை இதில் சில நிமிடங்களில் முடியும்.

வேகம் குற்றமன்று. வாயில் சில்லு பெயர்ந்த கத்திக்கும், துரு அரித்த கத்திக்கும் வைரச் சாணை தக்க மருந்தே. ஆனால் வெறுமனே மழுங்கிய கத்தியையும் அதிலேயே போடுகிறார்களே, அங்கேதான் நம் கேள்வி எழுகிறது. சவரக் கத்தியைச் சாணையில் படுக்கவைத்துத் தீட்டவேண்டும். வாயும் முதுகும் சேர்ந்தே அதைத் தொடும். வாய்க்குரிய கோணத்தைக் காப்பது அந்த முதுகு. ஆகையால் வாயைத் திருத்தும்போதெல்லாம், குற்றமற்ற முதுகும் தேய்கிறது. மேலும், 1200-ஆம் எண் வைரத்தூளின் மணி ஏறக்குறைய 9 மைக்ரான். நன்றாய்த் தீட்டிய வாயின் நுனியோ ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. அந்த மணி கீறிய கீறலை அழிக்க அடுத்த கல், அதன் கீறலை அழிக்க இன்னொரு கல், இப்படி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எஃகைத் தின்னும். அழுத்தித் தேய்ப்பவர்க்கு இரட்டை நஷ்டம்: கீறலும் ஆழமாகும், வைரமணியும் தகட்டிலிருந்து பெயர்ந்துபோம். (பிள்ளையின் சிறு பிழைக்கும் பெருங்கோபத்தையே எடுக்கும் தகப்பன்மார் இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்கலாம்.)

"ஆயினும் கத்தி என்னுடையதுதானே?" மெய்தான். ஆனால் உங்கள் பாட்டனாருக்கும் அது சொந்தமாகவே இருந்தது. அவர் தேய்த்திருக்கக்கூடிய எஃகை அவர் தேய்க்காமல் விட்டதால்தான் அது உங்கள் கைக்கு வந்தது. அவருடைய நிதானத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டீர்கள். "என் பேரன் இதை ஏறெடுத்தும் பாரான், மின்சார ரேசர் வாங்கிக்கொள்வான்" என்பீர்கள். வாங்கட்டும். வேண்டாம் என்று சொல்வது அவன் உரிமை. அவனுக்கு முந்தி, அவனுக்காக, நாம் சொல்லிவிடுவதற்கு நமக்கு உரிமை ஏது?

இனி, கத்தி சரியாய்ச் சிரைக்கவில்லை என்று கண்டால், முதலில் தோல்வாரில் இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் மெல்லிய கல். அதுவும் போதாமல், பூதக்கண்ணாடியில் வாயின் சில்லு தெரிந்தால் வைரம். அப்போதும் கத்தியின் சொந்தப் பாரமே போதும். வைரத் தகடு வாங்கிவிட்டோமே என்று விசாரப்படுகிறவர்களுக்கு அதில் வேறு வேலை இருக்கிறது. குழி விழுந்த தீட்டுக்கல்லைச் சமமாக்க அதைப்போல் ஒன்றில்லை. கல்லின்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, தண்ணீர் விட்டு, கோடுகள் யாவும் மறையுமட்டும் தகட்டினால் தேயுங்கள்.