சபையின் பங்கு

ஒருவன் செய்த பாபத்தை அவன் ஒருவனே சுமக்கிறானா, அன்றி அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தவர்களையும் அது சாருமா என்னும் கேள்வி நம் சமய நூல்களுக்குப் புதியதன்று. மகாபாரதத்தின் சபா பருவத்தில், தலைமயிரைப் பற்றி இழுத்துவரப்பட்ட திரௌபதி நியாயம் கேட்டு நின்றபோது, பீஷ்மர் தர்மத்தின் கதி சூக்ஷ்மமானது என்று தயங்க, துரோணரும் கிருபரும் வாளாவிருக்க, விதுரர் எழுந்து, காசியபர் முன்பு பிரகலாதனுக்குச் சொன்னதாக ஒரு கணக்கை எடுத்துரைக்கிறார். நிந்திக்கத் தக்கதை நிந்திக்காத சபையில் பாபத்தின் பாதி சபைத் தலைவனுக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. எஞ்சிய கால் வாய்மூடி இருந்தவர்களுக்கு.

செய்தவனுக்குக் கால் பங்குதானா என்று நெஞ்சு பதறும். அவரவர் வினை அவரவர்க்கே என்னும் கர்ம சித்தாந்தத்தோடு இது எங்ஙனம் பொருந்தும் என்ற ஐயமும் எழும். ஆயினும் அக்கணக்குக்குப் பிற்பாதி ஒன்று உண்டு. சபை அதைக் கண்டித்த மாத்திரத்திலே தலைவனும் சபையோரும் விடுபடுகின்றனர். பாபம் முழுவதும் செய்தவனையே சென்றடைகிறது. மௌனமும் ஒரு வினையே என்று கொண்டால் சித்தாந்தத்தோடு முரண்பாடு இல்லை. பாரதியாரும் பாஞ்சாலி சபதத்தில், வீதியில் நின்று புலம்பியதோடு அமைந்துவிட்ட ஊராரைச் சினந்து பாடாமல் விடவில்லை.

இளைஞரிடையே காதலின் பெயராலும் நட்பின் பெயராலும் நிகழும் பாலியல் கொடுமைகளைத் தடுப்பது எப்படி என்று சிந்திக்கையில் இக்கணக்கே என் நினைவுக்கு வருகிறது; ஏனெனில் நம் ஊர்களில் வழங்குவது இதனினும் கொடிய கணக்கு. ஒரு பெண்ணை நாள்தோறும் பின்தொடர்ந்து தொல்லை செய்பவன் இன்னான் என்பதைத் தெரு முழுவதும் அறிந்திருக்கும். ஆனால் படிப்பு நிறுத்தப்படுவது அவளுக்கு, கைப்பேசி பறிக்கப்படுவது அவளிடமிருந்து, அவசர அவசரமாக வரன் பார்க்கப்படுவதும் அவளுக்கே. விதுரர் பங்கே ஒதுக்காத ஒருத்தியின் தலையில் முழுச் சுமையையும் இறக்கிவைக்கிறோம். பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998இலேயே சட்டம் வந்தது; அது வேண்டியதே. ஆனால் சட்டம் குற்றம் நிகழ்ந்த பிறகு வருவது. குற்றம் வளர்வதோ நண்பர் கூட்டத்தில்.

அக்கூட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கவேண்டும். மாலை நேரத்தில் விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன், தன்னை நம்பி ஒரு பெண் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் காட்டுகிறான். ஒருவன் எட்டிப் பார்க்கிறான். ஒருவன் தனக்கும் அனுப்பச் சொல்கிறான். நான்காமவனோ, மனம் ஒப்பாவிடினும், தன்னைக் கோழை என்பார்களே என்று அஞ்சிச் சிரித்துவைக்கிறான். விதுரர் சொன்ன கால் பங்கு அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

அந்த நான்காமவனை நோக்கியே சில முயற்சிகள் நடந்துள்ளன. அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரப் பகுதியின் 16 உயர்நிலைப் பள்ளிகளில், 'கோச்சிங் பாய்ஸ் இன்டு மென்' என்னும் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். விளையாட்டுப் பயிற்சியாளரே வாரம் ஒருமுறை கால் மணி நேரம் போலப் பையன்களை உட்காரவைத்து, பெண்களை இழிவாகப் பேசுதல், சம்மதம், வற்புறுத்தல் ஆகியவற்றைப் பற்றி உரையாடுவதே அதன் முறை. மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டு இதையே செய்தனர். தந்தை சொல்லையும் ஆசிரியர் சொல்லையும் தட்டுகிற வயதில், பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர் சொல் காதில் ஏறுகிறது. சாக்ரமென்டோ ஆய்வில் என் சிந்தையைக் கவர்ந்தது ஒன்று. 2012இல் வெளியான முதல் முடிவுகளின்படி, ஆண் பெண் சமத்துவம் பற்றிய எண்ணங்கள் அவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை; தவறு கண்டால் தடுக்கவேண்டும் என்ற உறுதிதான் கூடியிருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதோ, பழகிய பெண்களுக்குக் கொடுமை செய்வது மற்றப் பள்ளிகளைவிடக் குறைந்திருந்தது. கூடச் சேர்ந்து சிரிப்பதும் அவ்வாறே குறைந்திருந்தது. கர்மத்தை முறையாகச் செய்துவர அதன் வழியே சித்த சுத்தி உண்டாகும் என்ற சங்கரரின் கொள்கையை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது. மனம் தூய்மை பெறட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று அஸ்தினாபுரத்துச் சபையில் திருதராஷ்டிரன் மக்களுள் விகர்ணன் ஒருவன் மட்டும் இது அதர்மம் என்றான். கூட்டம் அவனைப் புகழ்ந்து ஆரவாரித்ததேயன்றி, கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று இகழ்ந்து அடக்கியபோது அவன் பக்கம் எழுந்து நின்றவர் எவருமில்லை. நம் கபடிக் குழுக்களிலும், திருவிழாவுக்கு வீடுவீடாக வசூல் செய்யும் இளைஞர் மன்றங்களிலும் விகர்ணர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு அடுத்தாற்போல் இன்னொருவன் எழுந்து நிற்பதற்கு, அக்குழுவில் மூத்தவராக மதிக்கப்படும் ஒருவர், ஆட்டம் தொடங்குமுன் வாரத்தில் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்; அதற்குப் பெரும் பணமோ கட்டிடமோ வேண்டா.