பூசலார் வழியில் ஒரு காகிதக் கோயில்

கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தால் பொன்னேரிப் பக்கம் பலர் சுவர்க்கடிகாரமோ குத்துவிளக்கோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பதிலாக, அந்த வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்து வலம்வந்த கோயிலின் கோபுரத்தை ஒரே தாளில் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம். யோசனை எளியதுதான். ஆனால் உடனே ஒரு கேள்வி எழுகிறது: அவர் கையில் வாங்குவது வெறும் படமா, அல்லது அந்தக் கோயிலில் ஏதோ ஒரு பங்கா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி அதிக தூரம் போக வேண்டாம். பொன்னேரி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூர்க்காரர் பூசலார். சிவனுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார், கையில் பணமில்லை. அதனால் மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வதைக் கவனித்தால், அவர் ஒரு வேலையையும் தாண்டிப் போகவில்லை என்பது தெரியும். பொருள் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாளில் அடித்தளம் இட்டார், சிகரம்வரை எழுப்பினார், கிணறும் குளமும் வெட்டினார். எல்லாம் உள்ளத்தில். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். கனவில் வந்த இறைவன், அன்று தாம் பூசலாரின் கோயிலுக்குப் போவதாகவும், மன்னன் வேறு நாள் பார்க்கும்படியும் சொன்னார். அந்தக் கற்கோயில் 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயில்தான் என்று கொள்வது வழக்கம். பூசலாரின் மனக்கோயிலை நினைவூட்டத் திருநின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

கல் இல்லாமலும் கோயில் உண்டு என்பதைச் சைவ மரபு இவ்வளவு துணிந்து சொல்லியிருக்கிறது. அப்படியானால் காகிதமும் கோயிலாகிவிடுமா?

ஆகாது. ஆகம முறையில் பிரதிஷ்டை நடந்தால்தான் வழிபாட்டுக்குரிய உரு. ஆனால் அதே மரபு ஓவியத்தை ஒதுக்கவும் இல்லை. முழு உருவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்புச் சிற்பத்தை அர்த்தசித்திரம் என்றும், தீட்டிய படத்தைச் சித்திராபாசம் என்றும் சிற்ப நூல்கள் வகுத்தன. திருப்பணிக்காகப் பாலாலயம் செய்யும்போது, மூலவரின் ஆற்றலைக் குடத்து நீரில் இறக்கி, மரப்பலகையில் தீட்டிய உருவத்துக்கு மாற்றிப் பூசை நடத்துவது இன்றும் உண்டு. பலகைக்கு அந்தத் தகுதியைத் தருவது மந்திரமும் முறையும். பரிசாகப் போகும் தாளுக்கு அவை கிடையாது. அதற்குக் கற்பூரம் காட்ட வேண்டியதும் இல்லை. அதன் மதிப்பைப் பூசலார் பக்கம்தான் தேட வேண்டும்.

காகித வெட்டு கவனக்குறைவை மன்னிக்காத கலை. கோபுரத்துக்கு எத்தனை நிலை, கலசம் எத்தனை, வாசல் எந்த உயரம் என்று தெரியாமல் பிளேடை வைக்க முடியாது. உள்ளே இருக்கும் சிறு துளைகளை முதலில் வெட்ட வேண்டும், வெளிக்கோடு கடைசியில்தான். விட்டுவைக்கும் ஒவ்வொரு துண்டும் இன்னொன்றோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். நாலு நாள் இப்படி உட்கார்ந்தவர், வருஷக்கணக்காகக் கும்பிட்டும் பார்க்காமல் விட்ட மாடங்களைப் பார்த்துவிடுவார். பூசலார் மனத்தில் செய்ததும் இந்த மாதிரிக் குறுக்குவழி இல்லாத வேலைதான்.

பிற மரபுகளிலும் கத்தரிக்கோல் வழிபாட்டுக்கு அருகில் இருந்திருக்கிறது. மதுரா, விருந்தாவனத்தில் சாஞ்சி எனும் காகித வெட்டுக் கலைஞர்கள் கண்ணன் லீலைகளைத் தாளில் நுணுக்கமாக வெட்டி, அதன் துளைகள் வழியே வண்ணப்பொடி தூவிக் கோயில்களில் கோலமிடுகிறார்கள். கோலம் பிறகு கலைக்கப்படும். ஐரோப்பிய யூதர்கள் ஜெருசலேம் இருக்கும் திசையை நினைவூட்ட, வெட்டிய காகிதச் சித்திரங்களைக் கீழைச்சுவரில் மாட்டினார்கள். தஞ்சையில் நெட்டித் தண்டைச் சீவிப் பெரிய கோயில் மாதிரி செய்து பரிசளிப்பது பழைய வழக்கம். அந்த நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பொன்னேரியில் வெட்டுவதற்கு விஷயம் நிறைய. ஆரணி ஆற்றங்கரை அகத்தீஸ்வரரும் திருஆயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரைத் திருவிழாவில் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஒரே தாளில் இரண்டு கோபுரம் என்றால், இடையில் உள்ள தெருவையும் வெட்டாமல் விட்டால்தான் தாள் நிற்கும். பழவேற்காட்டு நண்பருக்கு மகிமை மாதா ஆலயமோ, சூரியக் கடிகாரம் உள்ள சின்னப் பள்ளிவாசலோ பொருந்தும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலைக்காக ஊரைவிட்டு வந்தவருக்கு, அவர் ஊர்க் கோயிலின் படத்தைக் கேட்டு வாங்கி வெட்டித் தரலாம்.

அடுத்த அழைப்பிதழ் வரும்போது கடைக்குப் போகுமுன், எந்தக் கட்டடம் அவருக்கு உயிர் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தாளில் பென்சில் வையுங்கள்.