இடுப்பில் ஒரு தம்பி

எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில், சுவரின் உச்சியில் சற்றே முன்சாய்ந்து தொங்குகிறது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். 1962இல் எடுத்தது. நாற்காலிகளில் தாத்தாவும் பாட்டியும். தாத்தா மடியில் நாலு வயதுப் பெரியப்பா, கையில் பந்தோடு. அவர்களை விட்டு ஓரடி தள்ளி எட்டு வயது அத்தை. அத்தையின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையாக என் அப்பா.

பாட்டியின் குங்குமம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்பாவின் முகம் கலங்கலாக இருக்கிறது. வெளிச்சம் குறைந்த ஸ்டூடியோவில் ஷட்டர் மெதுவாக மூடும். அதற்குள் யார் அசைந்தாலும் முகம் கலைந்துவிடும். குழந்தை அசைந்திருக்கிறது. அத்தை அசையவே இல்லை. படத்திலேயே தெளிவாக விழுந்த முகம் அவருடையதுதான்.

"அப்பவே எப்படித் தனியா நிக்கிறா பாரு, யாரையும் எதிர்பார்க்க மாட்டா" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

சென்ற ஆண்டு சட்டம் மாற்றுவதற்காகப் படத்தைக் கழற்றியபோதுதான் கிட்டத்தில் பார்த்தேன். அத்தையின் இடது இடுப்பு வெளியே தள்ளி, வலது தோள் சரிந்திருந்தது. இடது கை குழந்தையைச் சுற்றியிருக்க, வலது கை அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. பாவாடையின் ஒரு பக்கம் குழந்தையின் காலடியில் கசங்கி மேலேறியிருந்தது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், குழந்தைகளை உட்கார வைப்பதற்கென்று ஸ்டூடியோவில் வைத்திருந்த மரக்குதிரையின் தலை மட்டும் தெரிகிறது. அவர் பார்வை அங்கே இருந்தது.

அத்தையிடம் கேட்டேன். "கை கடுத்துச்சுடா. எப்ப இறக்கி விடச் சொல்லுவாங்கன்னே நின்னேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

பிலிப் அரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர், 1960இல் வெளிவந்த தம் நூலில், பழைய ஐரோப்பிய ஓவியங்களில் குழந்தைகள் அளவில் சிறிய பெரியவர்களாகவே வரையப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். குழந்தைப்பருவம் என்ற எண்ணமே பிற்காலத்தில் உருவானது என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுப் படத்திலோ இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. மடியில் இருக்கும் பையனுக்குக் குழந்தைப்பருவம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் அக்காவுக்கு இல்லை.

தனித்து நிற்பது வேறு, தனித்து விடப்படுவது வேறு. முதலாவதில் குழந்தையின் விருப்பம் இருக்கிறது. இரண்டாவதில் பெரியவர்களின் வசதி இருக்கிறது. இரண்டுக்கும் 'பொறுப்பு' என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்து வைக்கவும், தம்பியைத் தூங்கவைக்கவும் தெரிந்த பிள்ளை நன்றாகவே வளரும். ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். "போதும்" என்று இறக்கி வைத்துவிட்டு அந்தப் பிள்ளையால் விளையாடப் போக முடிகிறதா? முடிந்தால் அது பழக்கம். முடியாவிட்டால் அது பாரம்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989இல் ஐ.நா. உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது, இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009இல் சட்டம் வந்தது. அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவர் இடுப்பில் இருந்த என் அப்பா கல்லூரி வரை போனார். சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விடும். இடுப்பில் இருப்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்று. விருந்தினர் முன்னால் "எங்க பொண்ணுக்கு ரொம்பப் பொறுப்பு" என்று நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை. மாலை நேரங்களில் மகனை நான் வாங்கிக்கொள்கிறேன். முதல் சில நாட்கள் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு தெருவில் இறங்கிப் போனாள்.

சட்டம் போடும் கடைக்காரர், ஓரத்தில் பாதியாக நிற்கும் குதிரையை வெட்டிவிட்டால் படம் எடுப்பாக இருக்கும் என்றார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.