விலையில்லாப் படமும் பெயர்க் கடனும்

பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கான கடன் விலையோடு தீர்ந்துவிடுகிறது. பணம் வாங்காமல் ஒருவர் தந்த பொருளுக்கு என்ன கடன்? கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பாடசாலையும் ரியூசனும் முடிந்த பிறகு மடிக்கணினியில் சொந்தமாக ஒரு கேம் செய்யப் பார்க்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி விரைவிலேயே வந்துவிடும். மென்பொருளுக்கு அவர் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. கோடோ என்ற எஞ்சின் 2014 முதல் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதப் பழகுவதற்குப் பாடங்களும் உண்டு. வேலை நின்றுபோவது படத்தில்தான். ஒரேயொரு பாத்திரம் நாலு திசையிலும் நடக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு திசைக்கும் பல படங்கள் கீற வேண்டும். தரை, சுவர், மரம், பொத்தான், எழுத்துரு, காலடிச் சத்தம் எல்லாம் அதற்கு மேல். தனியொருவரால் இவ்வளவும் செய்து முடிப்பது அரிது. ஆகவே, முகம் தெரியாத யாரோ கீறி இணையத்தில் இலவசமாக வைத்த படங்களை அவர் எடுக்கிறார். அப்படி எடுப்பவர் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவரா என்பதே இங்கு ஆராயப்படுவது. கடமைப்பட்டவரே என்பதும், அந்தக் கடமை கொடுத்தவரின் பெயரைச் சொல்வதில் தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இணையத்தில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படம் கீறப்பட்டவுடனேயே அதற்குப் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. பொதுவிதியாக அது கலைஞரின் ஆயுட்காலத்தோடு அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பொருளாதார உரிமைகள் கைமாறிய பிறகும், தன் பெயர் படைப்பில் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும் என்று அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறுகிறது. ஆக, எதுவும் சொல்லாமல் ஒரு படத்தை இணையத்தில் வைத்தவர் அதை எவருக்கும் கொடுத்துவிடவில்லை. ‘இலவசம்’ என்று மட்டும் எழுதி வைத்தவரும் பாதிதான் கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தை மாற்றலாமா, விற்கும் கேமில் சேர்க்கலாமா, இன்னொருவருக்குக் கொடுக்கலாமா என்பது எடுப்பவருக்குத் தெரியாது. பல மாதம் உழைத்துச் செய்த கேமை வெளியிடும் நாளில் அந்தத் தெரியாமை பெரிய இடைஞ்சலாகிவிடும். எனவே கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: எதைத் தருகிறேன், எதைத் தரவில்லை என்று எடுப்பவருக்கு விளங்கும்படி எழுதிவைப்பது.

இதற்கான பொது உரிமங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கிரியேட்டிவ் கொமன்ஸ் தன் முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. பெயரைச் சொன்னால் போதும் என்பது அவற்றில் ஒரு வகை. பெயரையும் சொல்லி, மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும் என்பது இன்னொரு வகை. வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று மறிப்பது மற்றொன்று. 2009இல் வந்த சிசி சீரோ, சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பது. அதே 2009இல் தொடங்கிய ஓப்பன் கேம் ஆர்ட் களஞ்சியத்தில் ஒவ்வொரு படத்தோடும் அதன் உரிமம் எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆகவே உரிமம் தெரியவில்லை என்பது இன்று பெரும்பாலும் வாசிக்கவில்லை என்பதற்கான சாட்டுத்தான்.

பெயரையும் நிபந்தனையையும் எழுதிவைக்கும் இந்த ஒழுக்கம் தமிழுக்குப் புதிதல்ல. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டு முன்பே பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரத் தொடங்கியது. அதன் கோப்புகளின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். அந்த முகப்பை அப்படியே வைத்திருக்கும்வரை யாரும் கோப்பைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், வெள்ளவத்தையில் அலுவலகம் வைத்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தியபோது, உரிமையுள்ள நூல்களுக்கு எழுதியவர்களிடமும் வெளியிட்டவர்களிடமும் அனுமதி கேட்டது. நூல்கள் அழிந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தில், காப்பாற்றுவதே பெரிய நன்மை, அனுமதி எதற்கு என்று எண்ணியிருக்க முடியும். அப்படி எண்ணாததால்தான் அந்தச் சேகரத்தை எழுத்தாளர்கள் நம்பினார்கள். படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பெயரை மரியாதைக்காக மட்டும் சொல்வதாக எண்ணினால் அதன் பாதிப் பயன் கண்ணில் படாது. பணம் வாங்காத கலைஞருக்குப் பெயர்தான் கூலி. அடுத்த வேலை தேடி வருவதும் அந்தப் பெயரை வைத்துத்தான். மூன்றாமவர் ஒருவருக்கும் அது தேவை. ஒரு கேமில் ஒரு மரத்தைப் பார்த்து விரும்பும் இன்னொரு மாணவர் அதை எங்கே எடுப்பது, என்ன நிபந்தனையில் எடுப்பது என்று அறியக் கலைஞரின் பெயரும் உரிமத்தின் பெயரும் வேண்டும். பெயர் விடுபட்ட படம் கைமாறக் கைமாற அதன் அனுமதியும் தொலைந்துபோகிறது. பிறகு நேர்மையான எவரும் அதைத் தொட முடியாது. நேர்மையற்றவருக்கு மட்டும் அது இலவசமாக எஞ்சும். ஒருவர் பெயரை மறைப்பவர், அவர் எல்லோருக்கும் கொடுத்ததைத் தன்னோடு நிறுத்திவிடுகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. சிசி சீரோவில் கொடுத்தவரே பெயர் வேண்டாம் என்கிறாரே, பிறகு ஏது கடன் என்பது முதல் மறுப்பு. நெதர்லாந்தின் கென்னி ஆயிரக்கணக்கான கேம் படங்களை இப்படித்தான் தருகிறார். பெயரைச் சொல்வது கட்டாயமில்லை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது வழக்குத் தொடரும் உரிமையை. எடுத்தவர், பிறர் கீறியதைத் தான் கீறியதாக உலகம் எண்ணும்படி விடுவதற்குக் கென்னி அனுமதி தரவில்லை; அப்படியோர் அனுமதியை யாராலும் தர முடியாது, ஏனென்றால் ஏமாறுவது விளையாடுபவர். நூறு பேரின் பெயரை எப்படி எழுதுவது என்பது இரண்டாவது மறுப்பு. 2012இல் கிரியேட்டிவ் கொமன்ஸ், ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன், மொசில்லா, ஓப்பன் கேம் ஆர்ட் ஆகியவை சேர்ந்து நடத்திய லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியின் பாணியில், பலர் ஆண்டுக்கணக்காக உடை, முடி, ஆயுதம் என்று கீறிச் சேர்த்தார்கள். அவற்றை இணைத்துப் பாத்திரம் உருவாக்கும் செயலி, யார் யார் கீறியது என்ற பட்டியலையும் சேர்த்தே தருகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், முதல் படத்தை எடுத்த நாளிலேயே ஒரு கோப்பைத் திறந்து பெயர், உரிமம், எடுத்த இடம் மூன்றையும் எழுதிவந்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. இலவசமாகக் கொடுத்ததை வைத்துப் பெரிய நிறுவனம் பணம் பண்ணினால் அது சுரண்டல் இல்லையா? 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கண்ட கொழும்பில் எந்தக் கலைஞரும் இதைக் கேட்க உரிமையுடையவர். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கொடுக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. தெரிந்த பிள்ளைதானே, சும்மா ஒரு படம் கீறித் தா என்று கேட்பது, கலையை உழைப்பாகவே மதிக்காத பழக்கம். விற்க விரும்புபவர் விற்கட்டும். ஆனால் கொடுக்க முடிவெடுத்த பிறகு வணிகத்தடை போடுவதில் நன்மை குறைவு. விளம்பரத்தோடு ஒரு சிறு கேமை வெளியிடும் மாணவரே அதில் முதலில் சந்தேகத்துக்குள் சிக்குவார். பெரிய நிறுவனம் சொந்தக் கலைஞர்களை அமர்த்திக்கொள்ளும். ஓப்பன் கேம் ஆர்ட் வணிகத்தடை உரிமங்களை ஏற்பதில்லை. சுரண்டலை அஞ்சுபவருக்கு, மாற்றியதையும் அதே உரிமத்தில் திருப்பித் தரச் சொல்லும் உரிமமே பொருத்தமானது. யாரும் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றிச் செய்ததை யாரும் பூட்டி வைக்க முடியாது.

இந்தக் கடமை நமக்கு இன்னும் கூடுதலானது. ஐரோப்பியக் கோட்டைகளும் வாளேந்திய வீரர்களும் இலவசக் களஞ்சியங்களில் குவிந்திருக்கின்றன. பனை, கோபுரம், முச்சக்கரவண்டி, காலி வீதியின் கடைவரிசை ஆகியவற்றை அங்கே தேடி எடுப்பது எளிதில்லை. கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் தூண்களைப் பார்த்து யாரும் கீறலாம். ஆனால் இன்னொருவர் எடுத்த ஒளிப்படத்தை எடுத்தால் அந்த ஒளிப்படக்காரரின் அனுமதி வேண்டும். ஆகவே நாமே கீறி, நாமே உரிமம் எழுதி, பொதுவில் வைக்க வேண்டியிருக்கிறது. பிறர் கீறிய நூறு படங்களை எடுத்துக் கேம் செய்தவர், தான் கீறிய ஒரு பனைமரத்தையாவது பெயரும் உரிமமும் எழுதித் திருப்பிக் கொடுக்கட்டும். கேமின் கடைசித் திரையில் உதவிய ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் எழுதட்டும். கேம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களும் போட்டி நடத்துபவர்களும் அந்தப் பெயர்ப் பட்டியல் இல்லாத வேலையை ஏற்காமல் விடுவதே முறை.