ஒட்டாத உயிர்

காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்ததும் பூனை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் என்று, முதன்முதலாக வளர்ப்பவர்கள் எல்லோரும்தான் நினைக்கிறோம். அது வயிறு தரையில் உரச ஓடி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கையகல இடுக்கில் புகுந்துகொள்கிறது. கூப்பிட்டால் காது மட்டும் நம் பக்கம் திரும்புகிறது. கருத்தடையின் அடையாளமாக நுனி வெட்டப்பட்ட காது. வீடு உறங்கியபிறகே சாப்பிட வருகிறது. மறுநாளும் அப்படியே.

அப்போது நம் மனத்தில் ஒரு சொல் எழுகிறது: “இவ்வளவு செய்தும்...”

இந்த மனத்தாங்கல் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். நன்றிக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் நாயினுடையது. நாய் நம்மோடு வேட்டைக்கு வந்தது, நம் குரலுக்குப் பணிந்தது. பூனை வந்த வழி வேறு. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் மனிதருக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. உறவு அவ்வளவு பழையதுதான். ஆனால் யாரும் அதை அழைக்கவில்லை. நம் தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது.

வைணவ மரபில் சரணாகதியை விளக்க வந்தவர்கள் இரண்டு விலங்குகளைக் காட்டினார்கள். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலையாருக்கு. தாய் கவ்விய இடத்தில் செயலற்றுத் தொங்கும் பூனைக்குட்டி தென்கலையாருக்கு. கூர்மையான கவனிப்பு அது: கழுத்துத் தோலைத் தாய் கவ்வியதும் குட்டியின் உடல் உண்மையிலேயே துவண்டுவிடுகிறது. ஆனால் வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் அதற்கு மிஞ்சுவது அச்சம்தான். காப்பகத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வளர்ந்த பூனை. அது நம்மைப் பற்றிக்கொள்ளாது, நம் பிடியில் துவளவும் செய்யாது. அந்த இரண்டு உவமைகளுக்கும் வெளியே, தெருவும் கூண்டும் கற்றுக்கொடுத்த ஐயத்தோடு, அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னும் கடினமான கேள்வி அடுக்களையில் எழுகிறது. புலால் நுழையாத வீடுகளிலும் இரக்கத்தால் பூனையைத் தத்தெடுக்கிறார்கள். பாட்டி வீட்டுப் பூனை பால்சோற்றிலேயே வளர்ந்ததே என்பார்கள். அது ஓட்டின்மேல் ஏறி எலியும் ஓணானும் பிடித்துத் தின்றதைப் பாட்டி பார்த்திருக்க மாட்டாள். கதவடைத்த அடுக்ககத்தில் அந்த வழி இல்லை. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் கண் கெடும், இதயம் தளரும். ஆகவே உயிரிரக்கத்தால் ஏற்றுக்கொண்ட ஓர் உயிருக்காக மற்றோர் உயிரின் மாமிசத்தைக் கையால் எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. இதற்குத் தூய்மையான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் அறத்தை நாம் கடைப்பிடிக்கலாம். பூனைமீது சுமத்த முடியாது.

இங்கே பூனையைக் கடந்து வேறொன்று தெரியத் தொடங்குகிறது. சித்தப்பா வீட்டில் வளரும் தாயில்லாப் பிள்ளை எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மகன் வீட்டில் வந்து தங்கிய முதியவர் உப்புக் குறைந்ததைச் சொல்லக்கூடாது என்கிறோம். கடல் தாண்டி வந்த அகதி, போட்ட கூரைக்காகக் காலமெல்லாம் தலைகுனிந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாமலே விதித்துவிடுகிறோம். கொடுக்கும் கை உயரத்தில் இருப்பதால், பெறுகிறவரின் சோற்றை மட்டுமல்ல, அவருடைய முகக்குறியையும் மௌனத்தையும் அன்பையும்கூடத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள அது துணிகிறது. ஆனால் நம்மையன்றி வேறு போக்கிடம் இல்லாத ஓர் உயிருக்கும் நம்மை மறுக்கும் உரிமை முழுதாக இருக்கிறது என்பதை நாம் ஏற்றுக்கொள்ளும் வரை, நாம் கொடுத்தது அடைக்கலம் ஆகாது, நீண்ட தவணையில் திருப்பிக் கேட்கும் கடனாகவே அது நிற்கும்.

சிலர் ஒரே வாரத்தில், “ஒட்டவே மாட்டேங்குது” என்று பூனையைக் காப்பகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கை அவசரமாகப் பார்த்துவிட்டார்கள். பல பூனைகளுக்கு வாரங்கள் போதும், சிலவற்றுக்கு மாதங்கள். கடைசிவரை மடியேறாத பூனையும் உண்டு. பூனையின் ஆயுள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடும். மடியேறாததற்கும் மீன் வாங்கத்தான் வேண்டும். வீடு மாறும்போதெல்லாம், பூனைக்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைத் தேடி அலையத்தான் வேண்டும்.