கதவுக்கு உள்ளே நின்னவன் செய்தது தர்மமா?

முதல்லயே சொல்லிடறேன், 'செவரன்ஸ்' சீரிஸ் இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க. இரண்டாவது சீசனோட கடைசி எபிசோட் 'கோல்ட் ஹார்பர்' முழுசா இங்க உடையப் போகுது. 2025 மார்ச் 21 அன்னைக்கு ஆப்பிள் டிவி பிளஸ்ல வந்தது. அன்னைக்கு ராத்திரியே பார்த்துட்டு, ரூம்மேட்கூட விடியற வரைக்கும் சண்டை போட்டேன்.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. லூமன் என்று ஒரு கம்பெனி. அங்கே வேலைக்குச் சேர்பவர்களின் மூளையில் ஒரு சிப் வைப்பார்கள். ஆபீஸ் லிஃப்ட்டில் இறங்கும்போது வெளி வாழ்க்கை முழுக்க மறந்துபோகும். சாயங்காலம் மேலே ஏறும்போது ஆபீஸ் மறந்துபோகும். வெளியே இருப்பவன் அவுட்டி, உள்ளே இருப்பவன் இன்னி. இன்னிக்கு வீடு கிடையாது, தூக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லிஃப்ட் கதவு மூடித் திறந்தால் அடுத்த நாள் வேலை. ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

ஹீரோ மார்க். மனைவி ஜெம்மா விபத்தில் இறந்துவிட்டதாக நம்பி, துக்கம் தாங்காமல், தினமும் எட்டு மணி நேரமாவது மறந்திருக்கலாமே என்று இந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்தவன். ஆனால் ஜெம்மா சாகவில்லை. அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கடைசி எபிசோடில் இன்னி மார்க் அவளை மீட்டு, படிக்கட்டுக் கதவு வரை கூட்டி வந்து வெளியே அனுப்பிவிடுகிறான். அவனும் ஒரு அடி வைத்தால் போதும். கணவன் மனைவி சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு அடியோடு இன்னி மார்க் முடிந்துபோவான். அவன் திரும்பிப் பார்க்கிறான். உள்ளே அவன் காதலிக்கும் ஹெல்லி நிற்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா கத்திக் கதறித் தட்டுகிறாள். இவன் ஹெல்லியோடு கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு வருஷமா அடைபட்டுக் கிடந்த பொண்ணு, ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷனைப் பார்த்துக்கிட்டே நிக்கறா. இவன் இன்னொருத்தியோட ஓடறான். பாவி! அப்படித்தான் தோணுச்சு. ரூம்மேட் அமைதியா ஒண்ணே ஒண்ணு கேட்டான். "டேய், அது அவன் பொண்டாட்டியே இல்லையே?"

யோசிச்சுப் பார்த்தா இது இன்னைக்கு நேத்து கேள்வி இல்லை. ஜான் லாக் என்ற இங்கிலாந்துத் தத்துவஞானி, மனித அறிவைப் பற்றி எழுதிய பெரிய நூலின் இரண்டாம் பதிப்பில், 1694லேயே, கிட்டத்தட்ட இதே கதையைக் கற்பனை செய்திருக்கிறார். ஒரே உடம்பில் பகலுக்கு ஒரு நினைவோட்டம், இரவுக்கு ஒரு நினைவோட்டம், ஒன்றுக்கு மற்றது தெரியாது என்று வைத்துக்கொண்டால், பகல் மனிதனும் இரவு மனிதனும் இரண்டு தனித்தனி ஆட்கள்தானே என்று கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை ஒரு ஆளை அதே ஆளாக வைத்திருப்பது உடம்பு இல்லை, நினைவின் தொடர்ச்சி. சிப்பும் இல்லை, லிஃப்ட்டும் இல்லை, 1694! அப்போ இன்னி மார்க் தனி ஆள். ஜெம்மாவுக்குத் தாலி கட்டியவன் இல்லை. (அவங்க ஊர்ல தாலி கிடையாது, சரி, மோதிரம்.)

இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் அந்த வீடியோ கேமரா காட்சி எனக்குப் பிடிபட்டது. ஒரு மரவீட்டின் வாசலைத் தாண்டினால் அவுட்டி, உள்ளே வந்தால் இன்னி. இரண்டு பேரும் மாறி மாறி கேமராவில் பேசிப் பதிவு செய்து, ஒருவர் பேசியதை மற்றவர் பார்க்கிறார்கள். அவுட்டி முதலில் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். உதவி செய், அப்புறம் நம் இரண்டு பேர் நினைவையும் ஒன்றாக்கிவிடலாம், நீயும் வாழலாம் என்கிறான். ஆனால் இன்னியின் காதலியைப் பற்றிப் பேசும்போது ஹெல்லி என்பதற்குப் பதில் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுகிறான். அங்கேதான் இன்னியின் முகம் மாறுகிறது. உனக்கு நாற்பது வருஷத்து வாழ்க்கை, எனக்கு இரண்டே வருஷம், கலந்தால் அதில் நான் எவ்வளவு மிஞ்சுவேன் என்று அவன் கணக்குக் கேட்கிறான். அவுட்டியிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. உயிரைக் கொடு என்று கேட்க வந்தவனுக்கு, எதிராளியின் வாழ்க்கையில் இருக்கும் ஒரே ஒருத்தியின் பெயர்கூடத் தெரியவில்லை.

அந்த இடத்தில் பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன்னா அதை நான் செஞ்சிருக்கேன்.

டீம் லீட் ஆன புதுசு. கிளையன்ட் கால்ல ஒரு ரிலீஸ் தேதி கேட்டாங்க. எனக்கு நல்ல பேர் வேணும். "வீக்கெண்ட்ல முடிச்சிடலாம், பசங்க பார்த்துப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். பசங்ககிட்ட கேட்கவே இல்லை. அது தொடர்ந்து மூணாவது சனிக்கிழமை. கால் முடிஞ்சதும் ஒரு ஜூனியர் பையனுக்கு மெசேஜ் போட்டேன், ரொம்பப் பணிவா, ப்ளீஸ் எல்லாம் போட்டு. ஆனா வேற ஒரு பையன் பேரைப் போட்டு அனுப்பிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு. "நான் அவன் இல்ல அண்ணா. ஆனா வரேன்."

இதைப் படிச்சுட்டு அப்போ ஒரு சிரிப்பு ஸ்மைலி போட்டு விட்டுட்டேன்.

அப்போ இன்னி செய்தது முழுக்க சரியா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அவன் கடமையில் தவறவில்லை, ஜெம்மாவை மீட்டான். அதற்கு மேல் தன் உயிரையும் கொடு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இதுவரை நான் அவன் பக்கம். ஆனால் அவன் ஓடும்போது அந்த உடம்புக்குள் அவுட்டியும் அடைபட்டுப் போகிறான். இவனுக்கு நடந்த அநியாயம் இப்போது அவனுக்கு. ஒரு வித்தியாசம் என்னவென்றால், அவுட்டி கையெழுத்துப் போட்டு வந்தவன், இன்னியை யாரும் கேட்கவே இல்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. ஜெம்மாவுக்கு அது எந்த ஆறுதலும் இல்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகமாகப் பேசி நான் பார்க்கவில்லை. ஜெம்மாவுக்கும் இன்னிகள் உண்டு. கீழ்த்தளத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒருத்தி. பல் டாக்டர் நாற்காலியில் மட்டுமே விழிக்கிற ஒருத்தி. விமானக் குலுக்கலில் பயந்தபடியே இருக்கிற ஒருத்தி. தொட்டில் ஒன்றைக் கழற்றிப் பிரிப்பதற்காக மட்டும் பிறந்து, சில நிமிஷமே இருந்த ஒருத்தி. எல்லாவற்றுக்கும் மேல், ஆபீஸ் தளத்தில் மிஸ் கேசி. மார்க்கும் ஜெம்மாவும் அந்தத் தளத்துக்கு ஏறி வந்ததும் ஜெம்மா போய்விடுகிறாள், வருவது மிஸ் கேசி. அந்தக் கதவு வரை அவன் பின்னாலேயே ஓடி வந்ததும், அவன் சொன்னதை நம்பி வெளியே கால் வைத்ததும் அவள்தான். கால் வைத்த நொடியில் அவள் இல்லை. தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்த அதே ஒரு அடியை அவளை வைக்கச் செய்தான், கேட்காமலே. நேரமில்லை, சைரன் அடிக்குது, துரத்தறாங்க, எல்லாம் சரி. எனக்கும் அன்னைக்கு கால்ல நேரம் இல்லைதான்.

அடுத்த ரிலீஸ் போன மாசம் வந்துச்சு. இந்தத் தடவை தேதி சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பையனுக்கு போன் பண்ணிக் கேட்டேன். "இல்லண்ணா, ஊருக்குப் போறேன், அக்காவுக்கு வளைகாப்பு"ன்னான். எனக்குக் கொஞ்சம் கடுப்புதான், பொய் சொல்லலை. சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். ராத்திரி ரெண்டு மணி, பில்ட் ஓடிட்டிருந்தது. அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டேன். ஜெம்மா தட்டறதுக்கு முன்னாடி, மிஸ் கேசி கதவைத் தாண்டற அந்த இடத்தைப் பார்க்கணும்னு. ரொம்பச் சின்ன இடம். ரெண்டு தடவை பின்னாடி ஓட்ட வேண்டியிருந்தது.