மிரியாமுக்காகக் காத்திருந்த ஏழு நாள்



திருக்குடும்பத் திருவிழாவான இன்று நாம் கேட்ட மூன்று வாசகங்களும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து பேசுகின்றன. சீராக் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார். தகப்பனை முதுமையில் தாங்கு, அவருக்கு அறிவு தளர்ந்துபோனாலும் இகழாதே என்கிறார். பவுலடியார் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதலைக் கேட்ட கையோடு தந்தையர் பக்கம் திரும்பி, பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி நடந்துகொள்ளாதீர்கள் என்கிறார். நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசு, மூன்று நாள் தேடி வந்த தாயிடம், தனக்கு வேறொரு தந்தையின் அழைப்பும் உண்டு என்று சொல்கிறார். மரியாவுக்கும் யோசேப்புக்கும் அது விளங்கவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் இயேசு அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பிப் போய், அவர்களுக்குப் பணிந்து நடந்தார். புரியாமல் போனதற்காகப் பெற்றோர் அவரைத் தள்ளிவிடவில்லை. புரிந்துகொள்ளவில்லை என்பதற்காக அவரும் அவர்களை விட்டுப் போகவில்லை.

இன்று இதைப் பேசக் காரணம் இருக்கிறது. வேறு இனத்தில், வேறு மொழியில், வேறு சாதியில் துணை தேடிக்கொண்ட பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் பங்கு அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து அழுகிறார்கள். பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வருகிறார்கள். இருவரும் கேட்பது ஒன்றைத்தான்: "சாமி, பெத்தவங்க சம்மதம் இல்லாம கல்யாணம் பண்ணலாமா?"

நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறிப் போகாத தெரு இல்லை. போன இடத்தில் நம் பிள்ளைகள் சீனக் கத்தோலிக்கரையோ, பிலிப்பினோ பெண்ணையோ, ஐரோப்பியரையோ விரும்பித் திருமணம் பேசுகிறார்கள். வீட்டில் முதலில் பெரிய துக்கம். அம்மா சாப்பிடுவதில்லை, அப்பா பேசுவதில்லை. ஆறேழு மாதம் போனபின் பார்த்தால், அதே அப்பா ஃபிளெக்ஸ் கடையில் நின்றுகொண்டு மருமகனின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருப்பார். கைப்பேசியில் மகள் அனுப்பிய பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டுவார். அதைக் காண எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. நேற்றுவரை அந்நியன் என்று சொன்ன ஒருவனின் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஒரு தகப்பன் பாடுபடுவது அன்பின் வேலை.

ஆனால் அதே வீட்டில் இளைய மகள், இதே பங்கில் பிறந்து, இதே பாடகர் குழுவில் பாடி, இதே அன்பியத்தில் செபம் சொல்லும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன் ஒருவனின் பெயரைச் சொன்னால் என்ன நடக்கிறது? கதவு சாத்தப்படுகிறது. கைப்பேசி பிடுங்கப்படுகிறது. பூச்சிமருந்தைக் குடித்துவிடுவேன் என்று தாய் சொல்கிறார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மொழி தெரியாமல், நம் உணவு பழகாமல் வந்தவரை ஏற்க முடிந்த மனத்துக்கு மூன்றாவது தெருவிலிருந்து வரும் பையனை ஏற்க முடியவில்லை. அப்படியானால் நம்மைத் தடுப்பது பண்பாட்டு வேறுபாடு அல்ல. வெள்ளைத் தோலுக்கு மேல்படி, பக்கத்துத் தெருவுக்குக் கீழ்ப்படி என்று நாம் கட்டி வைத்திருக்கும் ஏணிதான் தடுக்கிறது. நம் திருச்சியிலேயே, மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சுவர் ஒன்று உண்டு என்பதை எண்ணும்போது, இது ஏதோ சில குடும்பங்களின் குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருச்சபையாகிய நாம் எல்லாரும் சேர்ந்து சுமக்கும் பாவம் இது.

இனம் மாறிய திருமணத்துக்குக் குடும்பம் காட்டும் எதிர்ப்பு மறைநூலுக்குப் புதிதல்ல. எண்ணிக்கை நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்திருந்தார். கூசு என்பது எகிப்துக்குத் தெற்கே இருந்த கறுப்பின மக்களின் நாடு. மோசேயின் அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் அந்தப் பெண்ணின் பொருட்டு அவருக்கு எதிராகப் பேசினார்கள். மிரியாம் சாதாரணப் பெண் அல்ல. நாணல் கூடையில் நைல் நதியில் விடப்பட்ட தம்பியைக் காவல் காத்து நின்றவர் என்று நம் மரபு அவரைத்தான் சொல்கிறது. அப்படிப்பட்ட அக்காவுக்குத் தம்பி மனைவி விஷயத்தில் பேச உரிமை இல்லையா? நம் ஊர் வழக்கப்படி நிச்சயம் உண்டு. ஆனால் கடவுள் மோசேயின் பக்கம் நின்றார். மிரியாமின் உடல் தொழுநோயால் பனிபோல வெளுத்துப்போயிற்று. கறுத்த பெண்ணைப் பழித்தவரின் தோல் வெளுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் கவனிப்பதே இல்லை. மோசே அக்காவுக்காகக் கடவுளிடம் கதறி வேண்டினார். மிரியாம் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும், அவர் திரும்பிச் சேரும்வரை, மக்கள் கூட்டம் பயணத்தைத் தொடரவில்லை. தன் மனைவியை ஏற்காத அக்காவுக்காக மோசேயும் காத்திருந்தார். அவர் மனைவியை அனுப்பிவிடவில்லை, அக்காவை விட்டுவிட்டும் போகவில்லை.

ஆபிரகாம் தன் மகனுக்குக் கானானியரில் பெண் எடுக்கக் கூடாது என்று வேலைக்காரனிடம் சத்தியம் வாங்கினாரே என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆபிரகாமின் கவலை வழிபாட்டைப் பற்றியது. கானானியரின் தெய்வங்கள் தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது. நம்பிக்கையைப் பற்றிப் பெற்றோருக்கு வரும் கவலையை நானும் மதிக்கிறேன். பிற சமயத்தவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும் என்று திருச்சபை வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் அந்தச் சத்தியத்தைச் சொல்லும் அதே அதிகாரத்தில், பேச்செல்லாம் முடிந்த பிறகு, வேலைக்காரன் பெண் கேட்டுப் போன ரெபேக்காவின் வீட்டார் பெண்ணைக் கூப்பிட்டு, போகச் சம்மதமா என்று அவள் வாயாலேயே கேட்டார்கள். அவள் போகிறேன் என்றாள். அதன் பிறகுதான் ஆசி கூறி அனுப்பினார்கள். எஸ்ராவின் காலத்தில் வேற்றினப் பெண்களை அனுப்பிவிட்டார்கள் என்பதும் மறைநூலில் இருக்கிறது, உண்மைதான். மோவாபியப் பெண் ரூத்தும் அதே மறைநூலில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் திருவிழிப்பில் வாசித்த இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் மத்தேயு அவர் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்.

திருச்சபை இந்தக் கேள்வியை இன்று நேற்று சந்திக்கவில்லை. 1556இல் பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றி ஒரு ஆணை பிறப்பித்தார். ஆண் முப்பது வயது வரையிலும் பெண் இருபத்தைந்து வயது வரையிலும் பெற்றோர் சம்மதமின்றி மணந்தால் சொத்துரிமையை இழக்கலாம் என்றது அது. திரிதெந்தின் பொதுச்சங்கம் கூடியபோது, அத்தகைய திருமணங்களைச் செல்லாதவை என்றே அறிவிக்க வேண்டும் என்று பிரான்சின் தரப்பு வற்புறுத்தியது. 1563 நவம்பரில் சங்கம் முடிவு சொன்னது. பெற்றோருக்குத் தெரியாமல் செய்யும் திருமணத்தைத் திருச்சபை வெறுக்கிறது. ஆனால் பெற்றோர் சம்மதம் இல்லாததால் அது செல்லாது என்று சொல்கிறவர்களைக் கண்டிக்கிறது. அரசர்கள் கேட்டும் இதில் திருச்சபை இறங்கிவரவில்லை. ஏனென்றால் இந்த அருளடையாளத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே. குருவாகிய நான் சாட்சிதான். இன்றைய திருச்சபைச் சட்டமும், திருமணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சம்மதம், எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்கிறது. வயது வராதவர் விஷயத்தில்தான் பெற்றோரின் நியாயமான எதிர்ப்பை அது கணக்கில் எடுக்கிறது. பெற்றோரே, இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அச்சுறுத்தி வாங்கிய சம்மதத்தால் நடக்கும் திருமணம் செல்லாது. பூச்சிமருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தத்துக்குள் நீங்கள் செய்து வைக்கும் கல்யாணம், பீடத்தின் முன் நடந்தாலும், திருமணமே ஆகாமல் போகலாம்.

நாட்டுச் சட்டமும் அங்கேதான் வந்து நிற்கிறது. வயது வந்த இருவர் திருமணத்துக்குச் சம்மதித்தபின் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் கழித்து, அதே ஆண்டு மே மாதம், கேரளத்தின் கோட்டயத்தில் கெவின் ஜோசப் என்ற இளைஞரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் உடல்தான் கிடைத்தது. அவர் தலித் கிறிஸ்தவர். அவர் மணந்த பெண்ணும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். 2019இல் நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து, இது ஆணவக் கொலை என்றது. அந்தப் பத்துப் பேரில் பெண்ணின் உடன்பிறந்தவனும் ஒருவன். திருமுழுக்குப் பெற்ற வீட்டிலிருந்து வந்த கொலை இது. உடுமலைப்பேட்டை, தர்மபுரி என்று சாதி வன்முறைச் செய்தி வரும்போது அது வேறு யாருடைய துயரமோ என்று நாம் இருந்துவிட முடியாது.

அப்படியென்றால் பெற்றோர் பேசவே கூடாதா? பேச வேண்டும். பையன் குடிக்கிறானா, கை நீட்டுவானா, கடன் எவ்வளவு, செய்யும் வேலையில் நிலைப்பானா, நாலு பேர் முன்னால் உங்கள் மகளைப் பேசவிடுகிறானா, இதையெல்லாம் உங்களைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. காதல் மயக்கத்தில் இருபத்திரண்டு வயதுக்குத் தெரியாதது ஐம்பது வயதுக்குத் தெரியும். திருமணத் தயாரிப்பில் நானும் மணமக்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வருகிறீர்களா என்று கேட்கத்தான் செய்கிறேன். இந்தக் காரணங்களுக்காக நீங்கள் வேண்டாம் என்றால், பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும். அந்த எதிர்ப்புக்குப் பெரிய எடை உண்டு. அவன் என்ன செய்கிறான் என்பதை விட்டுவிட்டு, அவன் யாருக்குப் பிறந்தான் என்பதே உங்கள் ஒரே காரணமானால், அதற்குக் கடவுள் முன் எந்த எடையும் இல்லை. அடுத்த மகளுக்கு வரன் வராதே, சொந்தக்காரர் சாவுக்கு வரமாட்டார்களே என்ற பயம் உங்களை வாட்டுவது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் அன்பியமும் பங்குப் பேரவையும் உங்கள் வாசலில் வந்து நிற்கும்படி செய்வது என் பொறுப்பு.

பிள்ளைக்குத் துணைநின்ற ஒரு தகப்பனின் கதை, கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே இருக்கும் திருவரங்கத்தில் உண்டு. அங்கே அரங்கநாதர் கோவிலின் அர்ச்சுன மண்டபத்தில் துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடம் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அது நம் வழிபாடு அல்ல. ஆனால் அது நம் ஊரின் நினைவு. அதை மரியாதையோடு சொல்கிறேன். தில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட அரங்கனின் திருமேனிமேல் சுல்தானின் மகள் அன்பு வைத்தாள். திருமேனி திருவரங்கத்துக்குத் திரும்பியபோது பிரிவு தாங்காமல் பின்தொடர்ந்தாள். மகள் படும் பாட்டைக் காணப் பொறுக்காத தகப்பனே அவளைத் துணையோடு அனுப்பி வைத்தார் என்று சொல்வார்கள். அவளுக்காக இன்றும் அங்கே ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். இதில் வரலாறு எவ்வளவு என்று பிரிப்பது என் வேலையல்ல. மகளின் மனம் போன இடம் அந்தத் தகப்பனுக்கு விளங்கியிருக்காது. விளங்காவிட்டாலும் வழித்துணை கொடுத்து அனுப்பினார். போய்ச் சேர்ந்த ஊரும் அவளுடைய உணவை மாற்றச் சொல்லவில்லை.

இளைஞர்களே, உங்களிடம் கடைசியாக. மறைக்காதீர்கள். உங்கள் திருமணச் செய்தியை அடுத்த வீட்டுக்காரர் வாயால் உங்கள் அம்மா கேட்கக் கூடாது. நேரில் சொல்லுங்கள். ஒரு தடவை இல்லை என்றால் மறுபடி சொல்லுங்கள், நாள் கொடுங்கள். பெற்றவர்கள் ஒரே இரவில் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அன்பு ஆகாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். என்னிடம் வாருங்கள், காவல் நிலையத்துக்கு நானே கூட வருகிறேன். இப்படிப்பட்ட தம்பதியருக்காக மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று அந்த 2018 தீர்ப்பே சொல்லியிருக்கிறது. சம்மதம் கிடைக்காமலே மணந்தவர்களும் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தால் போங்கள். உள்ளே விடாவிட்டால் வெளியே நில்லுங்கள். மருந்துச் சீட்டு கைக்கு வந்தால் வாங்கிக் கொடுங்கள். தந்தையை முதுமையில் தாங்கச் சொன்ன சீராக், உன் திருமணத்துக்குச் சம்மதித்த தந்தையை மட்டும் தாங்கு என்று சொல்லவில்லை.

திருப்பலி முடிவில் திருமண ஓலைகளை வாசிப்பேன். தடை எதுவும் தெரிந்தவர்கள் என்னிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஏற்கெனவே திருமணமாகியிருப்பது தடை. நெருங்கிய இரத்த உறவு தடை. வயது ஆகாதிருப்பது தடை. கட்டாயப்படுத்திச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். சாதியும் நிறமும் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சொல்ல யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம். பெண்ணுக்கோ பையனுக்கோ பெற்றோர் இடத்தில் நிற்க ஆள் இல்லை என்றால் மட்டும் வந்து சொல்லுங்கள்; இந்தப் பங்கிலிருந்து ஒரு குடும்பத்தை அவர்களோடு பீடம் வரை நடக்கச் சொல்கிறேன்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.